2023 ஏப்ரல் 7: டல்லாஸ் தோற்றதா, தோற்கடிக்கப்பட்டதா?

பிளானோவாசி:
சீசன் முடியும் நேரம் வந்தாலே "எங்கள் டீம் ஓடவே மாட்டேன் என்கிறது" என்ற புலம்பல் எல்லா ஊர் கூடைப்பந்து ரசிகர்களிடமும் கிளம்பிவிடும். எனக்கு இன்றுவரை ஆறாதது என்பிஏவில் எங்கள் டல்லாஸ் மேவரிக்ஸின் அந்த ஒரு இரவுதான்.

தெரியாதவர்களுக்கு: 80 ஆட்டம் முடிந்து 38 வெற்றி, 42 தோல்வி. மிச்சம் இரண்டு. இரண்டையும் வென்று, ஓக்லஹோமா சிட்டி தன் கடைசி ஆட்டத்தில் தோற்றால் ப்ளே-இன் சுற்றுக்குள் (பிளேஆஃபின் கடைசி இடங்களுக்காக 7 முதல் 10வது இடம் வரை வந்த அணிகள் மோதும் சுற்று) நுழையலாம். சொந்த அரங்கம், எதிரே சிகாகோ. ஆட்டத்துக்கு முன் வந்த பட்டியலில் கைரி இர்விங் இல்லை, டிம் ஹார்டவே இல்லை, ஜோஷ் கிரீன் இல்லை, கிறிஸ்டியன் வுட் இல்லை, மாக்ஸி கிளீபர் இல்லை. எங்கள் ஸ்லோவேனிய நட்சத்திரம் லூக்கா டான்சிச் முதல் குவார்ட்டர் மட்டும் ஆடுவார் என்றார்கள். அதுகூட அன்று அரங்கத்தில் ஸ்லோவேனியா இரவு என்பதால்! அவர் நாட்டுக்காரர்கள் கொடியோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். 115-112 என்று தோற்றோம், கதை முடிந்தது.

வாய்ப்பு இருக்கும்போதே ஆட்டத்தைக் கைகழுவிய அணியை எப்படி மன்னிப்பது?

ஸ்கோர்ஷீட்:
பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். மீதிப் பாதி பிக். 2019ல் போர்சிங்கிஸை வாங்கியபோது நியூயார்க்குக்கு ஒரு முதல் சுற்று டிராஃப்ட் பிக் (புது வீரரைத் தேர்ந்தெடுக்கும் முறை; பிளேஆஃப் போகாத அணிகளுக்கு முன்வரிசை, அதைக் குலுக்கல் முடிவு செய்யும், மோசமாக முடித்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம்) கடன்பட்டோம். அது முதல் 10 இடத்துக்குள் விழுந்தால் அந்த வருடம் நமக்கே, வெளியே போனால் நியூயார்க்குக்கு. தோற்றால் 10வது இடம், பிக் கையில் நிற்க 80 விழுக்காட்டுக்கு அருகில் வாய்ப்பு. வென்றிருந்தால் அந்த வாய்ப்பு கரைந்துபோயிருக்கும். ப்ளே-இன்னில் 10வது அணியாக நுழைந்தால்கூட, வெளியூரில் இரண்டு ஆட்டம் தொடர்ந்து ஜெயிக்க வேண்டும். அதற்கப்புறம் மேற்கில் முதலிடத்தில் இருந்த டென்வர்.

அந்த பிக்கை வைத்து நிர்வாகம் என்ன செய்தது? 10ஐ ஓக்லஹோமாவுக்குக் கொடுத்து 12ஆக இறங்கினார்கள். அந்தச் சாக்கில் டேவிஸ் பெர்டான்ஸின் கனமான சம்பளத்தையும் தள்ளிவிட்டார்கள். 12ல் வந்தவர் டெரெக் லைவ்லி. அடுத்த வருடம் 50-32 (வெற்றி-தோல்வி), நேராக ஃபைனல்ஸ். அந்த ஃபைனல்ஸ் அந்த ஏப்ரல் இரவில்தான் தொடங்கியது.

கடைசிகுவார்ட்டர்:
"நுழைந்தால்கூட, வெளியூரில் இரண்டு ஆட்டம்" என்று சொல்லும்போது அதே 2023ல் மயாமி என்ன செய்தது என்பதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? ப்ளே-இன் முதல் ஆட்டத்திலேயே சொந்த ஊரில் அட்லாண்டாவிடம் தோற்றார்கள். அடுத்த ஆட்டத்தில் கடைசி நிமிடங்கள் வரை பின்னால்தான் இருந்தார்கள். யாரிடம் என்று பாருங்கள்: சிகாகோ. நாம் வழிவிட்ட அதே சிகாகோ. அதை வென்று 8வது இடத்தில் நுழைந்து, மில்வாக்கியை வீழ்த்தி, ஃபைனல்ஸ் வரை போனார்கள். அதே வருடம் லேக்கர்ஸும் ப்ளே-இன் வழியாக வந்து மேற்கின் இறுதிச் சுற்றில் நின்றது.

எங்களிடம் லூக்காவும் கைரியும் இருந்தார்கள் தலைவா. ஏழு ஆட்டத் தொடரில் அந்த இருவரைச் சந்திக்க யாருக்கு ஆசை வரும்?

ஸ்கோர்ஷீட்:
இருவரும் சேர்ந்து ஆடிய 16 ஆட்டத்தில் 11 தோல்வி. அந்த "யாருக்கு ஆசை வரும்" பட்டியலில் எல்லோரும் இருந்தார்கள். கைரிக்காக டோரியன் ஃபின்னி-ஸ்மித்தைக் கொடுத்த நாளிலேயே நம் தடுப்பாட்டம் போய்விட்டது. மயாமிக்கு எதிரணியைத் தடுக்கத் தெரியும், நமக்கு அப்போது தெரியாது.

பெஞ்ச்பக்கம்:
இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறீர்கள் என்று தோன்றுகிறது.

மார்ச் மாதம் ஷார்லட்டிடம் மூன்று நாளுக்குள் இரண்டு முறை தோற்றோமே, அது நினைவிருக்கிறதா? அந்த சீசனை 27-55ல் முடித்த அணி அது. முதல் ஆட்டம் நம் அரங்கில். ரசிகர்கள் கூச்சல் போட்டு விரட்டினார்கள், அதற்கு அணி முழுத் தகுதியோடு இருந்தது. லூக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ரெஃபரியிடம் சண்டை, எதிரணி பந்தோடு ஓடும்போது நம் ஆட்கள் நடந்து திரும்புகிறார்கள். முயற்சி இல்லாத ஆட்டம் என்றால் அதுதான்.

ஏப்ரல் 7 அப்படியில்லை. களத்தில் இருந்த பையன்கள் ஓடினார்கள். ஜேடன் ஹார்டி அப்போது ரூக்கி (முதல் சீசன் வீரர்), அந்த மாதிரி ஆட்களுக்கு அது தன்னைக் காட்டிக்கொள்ளக் கிடைத்த இரவு. வெறும் 3 புள்ளியில்தான் தோல்வி. ஒரு வாரம் கழித்து என்பிஏ 7,50,000 டாலர் அபராதம் போட்டபோதும், ஆடிய வீரர்கள் வெல்ல முயலவில்லை என்று தாங்கள் கண்டறியவில்லை எனத் தெளிவாகச் சொன்னது. தண்டனை முழுக்க நிர்வாகத்துக்கு. முடிவு அணி நிர்வாகத்துடையது என்று கோச் ஜேசன் கிட்டும் ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்.

அதனால் "டீம் ஓடவில்லை" என்று வீரர்களைத் திட்டுகிறவர்கள் மார்ச் மாத வீடியோவைப் போட்டுத் திட்டுங்கள், ஏப்ரலுக்கு மாடியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பவர்களைக் கேளுங்கள்.

பிளானோவாசி:
இதை ஏற்கிறேன், ஆனால் என் கோபம் அதனால் இன்னும் கூடத்தான் செய்கிறது. வீரன் சோர்ந்துபோனால் அது மனித இயல்பு, அடுத்த ஆட்டத்தில் திருத்திக்கொள்வான். நிர்வாகம் உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தோற்கிறது. இது முதல் தடவையும் இல்லையே. 2018 பிப்ரவரியில் "தோற்பதுதான் நமக்கு நல்லது" என்ற பொருளில் வீரர்களிடமே சொன்னதாக அப்போதைய முதலாளி மார்க் கியூபன் ஒரு பாட்காஸ்டில் வாய்விட்டார். 6,00,000 டாலர் அபராதம் கட்டினார்.

ஸ்கோர்ஷீட்:
அந்த சீசன் 24-58. கிடைத்தது 5வது பிக். அதோடு எதிர்கால பிக் ஒன்றையும் சேர்த்து அட்லாண்டாவுக்குக் கொடுத்து 3வது இடத்துக்கு ஏறி யாரை வாங்கினோம்?

நீங்கள் ஜெர்சி போட்டுக்கொண்டு கொண்டாடிய அதே லூக்காவை. 2018ல் மார்ச், ஏப்ரலில் நாலைந்து ஆட்டம் கூடுதலாக வென்றிருந்தால் லூக்கா வேறு ஊரில் இருந்திருப்பார்.

கடைசிகுவார்ட்டர்:
இப்போதும் வேறு ஊரில்தான் இருக்கிறார் 😀

ஸ்கோர்ஷீட்:
அது அப்போதைய ஜெனரல் மேனேஜர் நீகோ ஹாரிசனின் புண்ணியம். வேறு விவாதம், அதை இங்கே இழுக்க வேண்டாம்.

கடைசிகுவார்ட்டர்:
இழுக்கத்தான் போகிறேன், ஏனென்றால் உங்கள் மொத்த வாதத்துக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் லூக்காவை லேக்கர்ஸுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். கைரிக்கு முழங்கால் போனது. ஆட ஆள் இல்லாமல் பட்டியலை நிரப்பவே திண்டாடிய அணி அது. அந்த நேரத்தில் "சுருட்டி வைத்துவிடலாம்" என்று சொன்னால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் இழுத்துப் பிடித்து 39-43, ப்ளே-இன்னில் சாக்ரமென்டோவை அவர்கள் ஊரிலேயே அடித்தார்கள், மெம்ஃபிஸிடம் தோற்று வெளியேறினார்கள். லாட்டரியில் முதல் பிக்குக்கு வெறும் 1.8 விழுக்காடு வாய்ப்பு. விழுந்தது! கூப்பர் ஃபிளாக்!

அந்த வருடம் லீகிலேயே மோசமான அணி யூட்டா, 17-65. தன் நட்சத்திரம் மார்க்கனனை ஆடாமல் உட்கார வைத்ததற்கு 1,00,000 டாலர் அபராதம் வேறு. கிடைத்தது 5வது பிக். டெட்ராய்ட் 2023ல் 17-65, 5வது பிக். 2024ல் 14-68, அதில் தொடர்ந்து 28 தோல்வி, மறுபடியும் 5வது. கஷ்டப்பட்டுத் தோற்றவர்களுக்கு லாட்டரி கொடுத்த மரியாதை இதுதான்.

ஸ்கோர்ஷீட்:
1.8 விழுக்காடு என்பது அதிர்ஷ்டம், அதைத் திட்டமாகக் காட்டாதீர்கள். 2019லிருந்து கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் பிக்குக்குத் தலா 14 விழுக்காடு. அதற்கு முன் கடைசி அணிக்கு 25. குறைத்திருக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 14 இன்னும் 1.8ஐவிடப் பெரியதுதான். 2023ல் 22-60ல் முடித்த சான் ஆன்டோனியோவுக்குத்தான் முதல் பிக்காக வெம்பன்யாமா போனார்.

பெஞ்ச்பக்கம்:
அந்த 22 வெற்றியில் கடைசி வெற்றி யார்மேல் என்று தெரியும்தானே? நம்மேல்தான். ஏப்ரல் 9, 138-117. தோற்றால் நல்லது என்று நினைத்த இரண்டு அணிகள் மோதியதில் யாராவது ஒருவர் ஜெயித்துத் தொலைக்க வேண்டுமே. அந்த ஆட்டத்தை முழுதாகப் பார்த்தவர்கள் இந்தத் திரியில் யாராவது இருந்தால் அவர்களுக்கு என் அனுதாபம்.

மைதானம்தெரு:
வெளியிலிருந்து ஒரு கேள்வி. நான் கால்பந்து ஆள். கடைசி இடத்தில் வருபவனைக் கீழ் டிவிஷனுக்குத் தள்ளினால் இந்த நாடகமே இருக்காதே? ஏப்ரலில் உயிரைக் கொடுத்து ஆடுவார்கள்.

பெஞ்ச்பக்கம்:
நடக்காது. பல நூறு கோடி டாலர் போட்டு அணி வாங்கிய முதலாளிகள்தான் விதியையும் எழுதுகிறார்கள். தங்கள் தலைக்குமேலே தாங்களே கத்தி கட்டிக்கொள்வார்களா?

நடக்கக்கூடியது வேறு ஒன்று இருக்கிறது. வட அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக் 2024லிருந்தே செய்கிறது. பிளேஆஃப் வாய்ப்பு போனபிறகு யார் அதிகப் புள்ளி எடுக்கிறார்களோ அவர்களுக்கு முதல் பிக். மோசமான அணிக்கு வாய்ப்பு சீக்கிரம் போய்விடும், அதனால் புள்ளி சேர்க்க அதிக ஆட்டம் கிடைக்கும். பலவீனமானவனுக்கும் உதவி, ஏப்ரலில் ஆட்டமும் உயிரோடு இருக்கும்.

கடைசிகுவார்ட்டர்:
ஐபிஎல்லில் பாருங்களேன். 2025ல் சிஎஸ்கே கடைசி இடம். வெளியேறி நாளாகியும் கடைசி ஆட்டத்தில் குஜராத்தை 83 ரன்னில் அடித்தார்கள். தோற்றால் ஏலத்தில் எதுவும் கூடுதலாகக் கிடைக்காது, அப்புறம் எதற்குத் தோற்க வேண்டும்?

ஸ்கோர்ஷீட்:
சரியாகச் சொன்னீர்கள், அது என் வாதம்! தோல்விக்குப் பரிசு வைத்தது லீக். அந்தப் பரிசை எடுத்த டல்லாஸை மட்டும் ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்? நியூயார்க்குக்குக் கடைசியில் போனது 2024ன் 24வது பிக். 10வது பிக் போயிருக்க வேண்டிய இடத்தில் 24வது. லைவ்லி நமக்கு. 7,50,000 டாலருக்கு இதைவிட நல்ல வியாபாரம் இந்த அணி செய்ததே இல்லை. பிளானோவாசி, நேராகக் கேட்கிறேன்: 2024 ஃபைனல்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்த சிகாகோ ஆட்டத்தை வாங்கிக்கொள்வீர்களா?

பிளானோவாசி:
மாட்டேன். ஆனால் அது நீங்கள் இன்று கேட்கும் கேள்வி. அன்று இரவு 8 மணிக்கு யாருக்கும் லைவ்லியும் தெரியாது, ஃபைனல்ஸும் தெரியாது. டிக்கெட் வாங்கியவருக்குத் தெரிந்தது 82 ஆட்டத்துக்கும் விலை வைத்திருக்கிறார்கள் என்பது மட்டும்தான். பிக் வேண்டுமா, எடுத்துக்கொள்ளட்டும். "இன்று ஜெயிக்க முயலப்போவதில்லை" என்று முந்தின நாளே அறிவித்து, வேண்டாம் என்பவருக்குப் பணத்தைத் திருப்பட்டும். அபராதம் போன இடம் லீகின் கணக்கு. அரங்கத்தில் கொடியோடு உட்கார்ந்திருந்தவருக்கு அதில் ஒரு டாலர்கூட வரவில்லை.

ஸ்கோர்ஷீட்:
பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் மார்ச் மாத ஷார்லட் ஆட்டத்துக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும்.

பெஞ்ச்பக்கம்:
அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இரண்டுக்குமே.