தொடுதிருத்தம்: முகப்படத்தில் தோலைச் சரிசெய்யும் வேலைக்கு ஒரு சொல்

குழுவினர் எல்லோருக்கும் வணக்கம். இரண்டு நாள் கல்யாண வேலையாக இருந்துவிட்டேன். படம் திருத்தும் கையேட்டுக்கு நாம் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை இன்று காலையில்தான் முழுக்கப் படித்தேன். நீங்கள் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

> 'ரீடச்சிங்' என்பதற்குத் 'தோல் சீரமைப்பு' என்று வைத்துக் கையேட்டை முடித்துவிடலாமா?

வேண்டாம் அக்கா. அது தீக்காயப் பிரிவில் புழங்கும் சொல். படத்தில் ஒரு பருவை எடுப்பதற்கு அவ்வளவு பெரிய பெயர் தாங்காது.

> 'மறு நீக்கம்' சின்னதாக இருக்கிறதே?

'மறுவற்ற முகம்' என்ற வழக்கு எனக்கும் பிடிக்கும். ஆனால் மறுபதிப்பு, மறுதேர்வு என்று பழகிய கண் இதை 'மீண்டும் நீக்கு' என்றுதான் படிக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், மச்சமும் மறுதான். பள்ளி மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று எழுதித் தருகிற மச்சத்தை நீக்கச் சொல்லும் பெயரை நாம் வைக்கக்கூடாது.

நான் இதில் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. போன வருடம் எங்கள் நீலகிரி மலையின் படகர் இனக் குடும்பம் ஒன்று தங்கள் பாட்டியை என் ஸ்டூடியோவுக்கு அழைத்து வந்தது. வெள்ளைத் தலைத்துணி, நெற்றியில் பச்சை குத்திய புள்ளிகள், பனிக்காற்றில் வெடித்துச் சிவந்த கன்னம். கன்னத்தைச் சரிசெய்யலாம் என்று ஒரே தட்டலில் வேலை முடிக்கும் ஒரு செயலியில் படத்தைப் போட்டேன். வெடிப்பு போயிற்று. அச்செடுத்துக் கொடுத்ததும் மகள் கேட்டார், "அம்மா நெத்திப் பச்சை எங்கேண்ணா?" புள்ளிகளையும் கறை என்று எண்ணிச் செயலி வழித்துவிட்டிருந்தது. சுருக்கமும் பாதி இல்லை. மூலப்படத்தை எடுத்து, கன்னத்தை மட்டும் கையால் சரிசெய்து மறுபடி அச்சிட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து அந்தச் செயலியைத் தொடவில்லை.

ஸ்டூடியோக்காரர்கள் இதை இன்றும் 'டச்சிங்' என்றுதான் சொல்கிறோம். என் அப்பா காலத்தில் நெகட்டிவின் மேலேயே செய்த வேலை அது. சாய்மேசையில் பால்கண்ணாடி, அடியில் வெளிச்சம். உப்புத்தாளில் தேய்த்து ஊசிபோலக் கூராக்கிய பென்சில். முகத்தில் கருப்பாக இருக்கும் தழும்பு நெகட்டிவில் வெளுப்பாகத் தெரியும். அந்த வெளுப்பின் மேல் பென்சிலை வைத்து வைத்து எடுப்பார். கரி ஏறிய அளவுக்கு அச்சில் தழும்பு வெளுக்கும். மேலே ஊட்டியில் 1967 முதல் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் உற்பத்தி நடந்த ஊர்ப்பக்கம் இது. பிலிமும் அச்சுத்தாளும் எங்கள் பேச்சிலேயே கலந்தவை. உதவியாளரிடம் அப்பா "டச் பண்ணு" என்றதைவிட "கொஞ்சம் தொட்டு விடு" என்றதுதான் அதிகம்.

அதனால் என் பரிந்துரை: தொடுதிருத்தம். தொட்ட இடத்தை மட்டும் திருத்துவது. தொடுவானம், தொடுதிரை என்று இதே வாய்ப்பாட்டில் சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. விரலால் திரையைத் தொட்டுச் செய்வது என்று சிலர் நினைக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். கைப்பேசியில் அப்படித்தானே செய்கிறோம், பாதகமில்லை.

> 'ஹீலிங் பிரஷ்' = ஆற்றுத் தூரிகை?

ஐயா, புண் ஆற்றுவது என்ற பொருளில் சொல்கிறீர்கள். ஆனால் ஆற்றுநீர், ஆற்றுமணல் படித்தவருக்கு இது ஆற்றில் கிடந்த தூரிகை. 'ஆற்றல்' என்று பெயராக்கினாலோ சக்தி என்று பொருள் போய்விடும்.

கருவி என்ன செய்கிறது என்று பார்ப்போம். கிம்ப் என்ற கணினிப் படத்திருத்த மென்பொருளில் எச் விசையை அழுத்தி, கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு நல்ல தோலில் ஒரு சொடுக்கு. பிறகு பருவின் மேல் தீட்டினால் நல்ல தோலின் மயிர்க்கால் அமைப்பு வரும். நிறமும் வெளிச்சமும் பரு இருந்த இடத்தோடு ஒத்துப்போகும். பக்கத்திலிருக்கும் படியெடுப்புக் கருவி ('குளோன்') அப்படியில்லை. எடுத்த நிறத்தையே கொண்டுவந்து வைக்கும், நிழலான தாடையில் வெளிச்சமான நெற்றி ஒட்டிக்கொண்டு தெரியும். இங்கே பேரியும் பிளம்ஸும் வளர்ப்பவர்கள் ஒட்டுக்கட்டுவார்கள். கிளை ஒரு மரத்தினுடையது, நீர் தருவது இன்னொரு மரத்தின் வேர். இந்தக் கருவி செய்வதும் அதுவேதான். ஆகவே ஒட்டுக்கட்டல். வெட்டு, ஒட்டு என்ற கணினிக் கட்டளையோடு குழம்பாமல் இருக்க 'கட்டு' என்ற பகுதியை விடக்கூடாது.

முகம் முழுவதையும் வழவழப்பாக்கும் வேலைக்குத் தனிச்சொல் வேண்டும். அதற்குத் தீட்டல். அரிசியைத் தீட்டத் தீட்ட வெளுக்கும், தவிடும் சத்தும் போகும். தோலும் அப்படியே. படத்தைத் தீட்டினால் மயிர்க்கால் போய் மெழுகுமுகம் ஆகிவிடும். ஓவியம் தீட்டுவதும் இதே சொல்லாயிற்றே என்பீர்கள். 'தோல் தீட்டல்' என்று சேர்த்து எழுதினால் போதும்.

இந்தப் பிரிவு கையேட்டில் வந்துவிட்டால் எந்த மென்பொருள் எளியது என்ற கேள்விக்கும் பதில் எளிதாகிறது. புதிதாகப் பழகுபவருக்குக் கைப்பேசியில் ஸ்நாப்சீட் செயலி போதும். இலவசம். பருவின் மேல் விரலை வைத்தால் அதுவே பக்கத்துத் தோலை எடுத்து நிரப்பும். எங்கிருந்து எடுப்பது என்று நாம் சொல்ல முடியாது என்பதுதான் குறை. கூந்தல் ஓரத்திலும் உதட்டோரத்திலும் பிசகும். அதிலுள்ள முகப்படப் பகுதியில் தோல் தீட்டலும் உண்டு, அளவைக் குறைத்தே வையுங்கள். கணினி உள்ளவருக்குக் கிம்ப். அதுவும் இலவசம், கட்டற்றது. முதல் இரண்டு நாள் திணறும், ஆனால் எங்கே தொடுவது, எங்கிருந்து எடுப்பது என்பதெல்லாம் நம் கையில். நிறுவ இடமில்லாத பழைய கணினி என்றால் உலாவியிலேயே ஓடும் ஃபோட்டோபீ இருக்கிறது. ஃபோட்டோஷாப்பை நான் தொழிலுக்கு வைத்திருக்கிறேன். வீட்டுப்படத்துக்காக யாரையும் மாதச்சந்தா கட்டச் சொல்லமாட்டேன்.

சொற்களை வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்:

"பரு, பனிவெடிப்பு, கொசுக்கடி ஆகியவற்றுக்குத் தொடுதிருத்தம் செய்க. ஒளி ஒரே சீராக இல்லாத இடத்தில் படியெடுப்பை விட்டு ஒட்டுக்கட்டலைப் பயன்படுத்துக. மச்சம், தழும்பு, பச்சை ஆகியவற்றைத் தொடுமுன் படத்திலிருப்பவரைக் கேட்க. தோல் தீட்டல் கடைசியில், கொஞ்சமாக."

படிக்கும்போது எனக்கு எங்கும் இடறவில்லை. கோத்தகிரி அக்கா தன் பள்ளிப் பிள்ளைகளிடம் இந்த நான்கு வரியைக் கொடுத்து, எந்தச் சொல்லில் நிற்கிறார்கள் என்று பார்த்து எழுதினால் வெள்ளிக்கிழமைக்குள் கையேட்டில் ஏற்றிவிடலாம்.