இரவு பதினொரு மணிக்கும் கொதிக்கும் மேல்தளம்: முதலில் எதைச் செய்வது?

உறையூர் வாசி (2024 மே 7)

அனைவருக்கும் வணக்கம். திருச்சி உறையூரில் 1998இல் கட்டிய வீட்டின் முதல் மாடியில் நானும் மனைவியும் அறுபத்தெட்டு வயதான என் அம்மாவும் குடியிருக்கிறோம். எங்களுக்கு மேலே மொட்டை மாடிதான். ஏறத்தாழ 650 சதுர அடி. ஐந்து அங்குலக் கான்கிரீட் தளத்தின் மேல் வீடு கட்டும்போதே செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளம் போட்டுத் தட்டோடு பதித்திருந்தார்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் மழைநீர் ஒழுகத் தொடங்கியபோது கொத்தனார் சொன்னபடி அவற்றைப் பெயர்த்து எடுத்துவிட்டு, நீர்த்தடுப்புக் கலவை சேர்த்த சிமென்ட் பூச்சை மட்டும் பூசிக்கொண்டோம். ஒழுகல் நின்றுவிட்டது. ஆனால் அதன் பிறகு வந்த ஒவ்வொரு கோடையிலும் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை.

நேற்று இரவு பத்தரை மணிக்குக் கட்டிலின் மேல் ஏறி நின்று கூரையின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன். அடுப்பிலிருந்து இறக்கி அரை மணி நேரமான தோசைக்கல்லைப் போல இருந்தது. சமையலுக்கென்று வாங்கிய அகச்சிவப்பு வெப்பமானி கூரையில் 39 டிகிரி காட்டியது. சுவர்க்கடிகாரத்தோடு சேர்ந்த வெப்பமானியில் அறைக்காற்று 34 டிகிரி. மின்விசிறியைப் போட்டால் அந்தச் சூட்டையே அள்ளி முகத்தில் வீசுகிறது. அம்மாவின் அறையில் உள்ள ஒரு டன் ஏசி இரவு முழுவதும் ஓடியும் அதிகாலை இரண்டு மணிக்குப் பிறகுதான் அறை குளிர்கிறது. சென்ற இரண்டு மாதக் கணக்கில் 690 யூனிட் ஓடி 3,560 ரூபாய் கட்டினோம்.

ஏசிக் கடைக்காரர் இதை ஒன்றரை டன்னாக மாற்றச் சொல்கிறார். உள் அலங்கார வேலை செய்பவர் தெர்மோகோல் வைத்து ஃபால்ஸ் சீலிங் போட்டால் போதும் என்கிறார். வண்ணப்பூச்சுக் கடையிலோ, மாடியில் வெள்ளைப் பூச்சு அடித்தால் வீட்டுக்குள் பத்து டிகிரி குறையும் என்று அடித்துச் சொல்கிறார்கள். என் கையில் அறுபதாயிரம் ரூபாய் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. எதை முதலில் செய்தால் அம்மா இரவில் தூங்குவார் என்பதே என் கேள்வி.

நீர்வாட்டம் (2024 மே 7)

தம்பி, கட்டுமானத் துறையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கேள்விக்கான விடை உங்கள் முதல் பத்தியிலேயே இருக்கிறது. பெயர்த்து எடுத்த செங்கல் ஜல்லித் தளம் மழைக்காக மட்டும் போடப்பட்டதன்று. வெயிலுக்கும் அதுவே காப்பாக இருந்தது. மூன்று, நான்கு அங்குலக் கனத்தில் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரைத் தெளித்துக் கட்டைகளால் நாள் கணக்கில் தட்டி இறுக்கிய அந்தத் தளத்தில் நுண்ணிய காற்றறைகள் நிறைய உண்டு. கான்கிரீட்டின் அளவுக்கு அது வெப்பத்தைக் கடத்தாது. ஒழுகிய இடத்தைக் கண்டுபிடித்துத் தட்டோட்டின் இணைப்புகளை மட்டும் மீண்டும் பூசியிருந்தால் பெரும்பாலும் போதுமானதாக இருந்திருக்கும். நடந்து முடிந்ததை விட்டுவிடுவோம்.

இப்போது உங்கள் தலைக்கு மேல் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் திருச்சியில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதை ஒட்டிய மாதங்களிலும் அதிகம் சாய்வதில்லை. ஆகையால் நம் ஊர் வீட்டில் சுவர்களைவிடக் கூரையே அதிக வெயிலை வாங்குகிறது. தெளிந்த வானில் நண்பகலில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1,000 வாட் விழும். பழைய, கறுத்த சிமென்ட் பூச்சு அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். உங்கள் 650 சதுர அடி என்பது 60 சதுர மீட்டர். ஐந்து அங்குலத் தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோ என்றால், மொத்தம் 18 டன் கான்கிரீட் பகலெல்லாம் சூடேறி நிற்கிறது. அது பத்து டிகிரி குளிர வேண்டுமானால் ஏறத்தாழ 44 யூனிட் வெப்பத்தை வெளிவிட்டாக வேண்டும். அதில் ஒரு பகுதி வானத்துக்குப் போகும். மிச்சமெல்லாம் உங்கள் அறைக்குள்தான் இறங்கும். பகல் ஒரு மணி வெயில் தளத்தின் அடிப்பக்கத்துக்கு வந்து சேரவே சில மணி நேரம் ஆகும் என்பதால்தான், வெளியில் காற்று குளிர்ந்த பிறகும் உள்ளே புழுங்குகிறது. ஏசியை ஒன்றரை டன்னாக மாற்றினால், இந்த 18 டன் கான்கிரீட்டைக் குளிர வைக்கும் செலவை நீங்கள் மின்கட்டணமாகக் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

எனவே வெயிலைத் தளத்துக்கு மேலேயே நிறுத்துங்கள். உடனடியாகச் செய்யக்கூடியது வெள்ளைப் பூச்சு. புதிய வெள்ளைப் பரப்பு விழும் வெயிலில் முக்கால் பங்கு அளவுக்குத் திருப்பி அனுப்பிவிடும். கடைக்காரர் சொல்லும் பத்து டிகிரி மொட்டை மாடியின் மேற்பரப்பில் உண்மையாகவே குறையும். அறைக்குள் அதை எதிர்பார்க்க வேண்டாம், இரண்டு, மூன்று டிகிரி குறைந்தாலே நல்ல பலன். அதைவிடக் கூரையின் சூடு குறைவதே உடம்புக்குப் பெரிய மாறுதல். ஏனெனில் படுத்திருப்பவரின் மேல் கூரை நேராக அனலடிக்கிறது, அந்த அனலைக் காற்றின் வெப்பநிலை காட்டாது. கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பசை கலந்து இரண்டு முறை அடித்தாலும் வேலை நடக்கும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் மாசி, பங்குனியில் மீண்டும் அடிக்க வேண்டும். அடிப்பதற்கு முன் பாசியைச் சுரண்டிக் கழுவுங்கள். தூசி படிந்தால் வெள்ளையின் பலன் போய்விடும் என்பதால் கோடையில் மாதம் ஒரு முறை கூட்டிக் கழுவ வேண்டும்.

நிலையான தீர்வு வேண்டுமானால், மழைக்காலம் முடிந்த பின் நீர்த்தடுப்பைச் சரிபார்த்துவிட்டு, அதன் மேல் இரண்டு அங்குல எக்ஸ்பிஎஸ் பலகை (வெப்பம் கடத்தாத கெட்டியான நுரைப் பலகை) பரப்பி, வலைக்கம்பி வைத்து வாட்டத்துடன் மெல்லிய கான்கிரீட் போட்டு, வெள்ளை ஓடு ஒட்டலாம். வீடுகளுக்கான எகோ நிவாஸ் சம்ஹிதா என்ற 2018ஆம் ஆண்டு விதித்தொகுப்பு, கூரை வழியே ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கக் கூடாது என்கிறது. வெறும் கான்கிரீட்டில் அது மூன்றைத் தாண்டும். இந்தப் பலகை வைத்தால் ஏறத்தாழ அரை வாட்டுக்கு வந்துவிடும். மாடி முழுவதற்கும் உங்கள் தொகை போதாது. அம்மாவின் அறைக்கு மேலே மட்டும் முதலில் செய்யலாம். ஆனால் அந்த மேட்டில் நீர் தேங்காதபடி வாட்டம் பார்க்கத் தெரிந்த கொத்தனாரைப் பிடியுங்கள்.

வேளச்சேரி மேல்மாடி (2024 மே 8)

ஃபால்ஸ் சீலிங் பற்றி எங்கள் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் எங்கள் குடியிருப்பின் மேல்மாடியில், கூரையைத் தொட எங்களுக்கு உரிமை இல்லாத காரணத்தால், 2019இல் இரண்டு படுக்கையறைகளுக்கும் ஜிப்சம் பலகையும் அதன் மேல் தெர்மோகோலும் வைத்தோம். அனல் குறைந்தது உண்மை. பகல் மூன்று மணிக்கு உச்சி சுடுவதில்லை. ஆனால் அறையின் உயரம் முக்கால் அடி குறைந்ததால் மின்விசிறியின் தண்டையும் குட்டையாக்க வேண்டியிருந்தது. இறக்கைக்கும் கூரைக்கும் இடையே இடம் குறைந்து காற்று முன்போல் இறங்கவில்லை. இரண்டாம் ஆண்டு அந்த இடைவெளியில் எலி குடியேறியது. அதைவிட மோசமாக, மேலே தளத்தில் விழுந்த விரிசலிலிருந்து நீர் கசிந்தது எங்களுக்குத் தெரியவே இல்லை. பலகை உப்பி ஒரு மூலை கட்டிலின் மேல் விழுந்த பிறகுதான் தெரிந்தது. வேலை செய்தவர் தொலைபேசியை எடுக்கவில்லை.

நீர்வாட்டம் ஐயா சொன்னதில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். காப்பை உட்புறம் வைத்தால் கான்கிரீட் முன்போலவே வெயிலில் விரிந்து இரவில் சுருங்கிக்கொண்டுதான் இருக்கும். உங்களுக்கு மாடி சொந்தம். சொந்த மாடி வைத்திருப்பவர் உள்ளே தெர்மோகோல் ஒட்டுவது, குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு தலையில் துண்டு போட்டுக்கொள்வதைப் போன்றது. அந்தப் பொருள் எளிதில் தீப்பிடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். விளக்குக்கான மின்கம்பிகள் அதற்குள்தான் ஓடுகின்றன.

ஏசி மெக்கானிக், தஞ்சை (2024 மே 8)

ஒரு டன் ஏசியைக் குறை சொல்வதற்கு முன் அறையைப் பாருங்கள், அண்ணா. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, ஏசி ஓடும்போது கதவின் அடியிலும் ஜன்னல் சட்ட ஓரங்களிலும் மெல்ல நகர்த்திச் செல்லுங்கள். புகை வளைந்து ஓடும் இடமெல்லாம் குளிர் வெளியேறும் இடம் அல்லது சூடு நுழையும் இடம். நான் போகும் வீடுகளில் பாதியில், மேலே உள்ள பழைய வென்டிலேட்டர் அட்டை ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும். கதவடியில் ரப்பர் பட்டையும் ஜன்னலுக்கு நுரைப் பட்டையும் வைக்கச் சில நூறு ரூபாய்தான் செலவு. வடிகட்டி வலையை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவுங்கள். வெளிப்பெட்டி மேற்குச் சுவரில் வெயிலில் நின்றால் அதன் மேல் நிழல் மட்டும் விழச் செய்யுங்கள்; மூடி அடைத்துவிடக் கூடாது, சூடான காற்று வெளியேற முன்புறம் திறந்திருக்க வேண்டும்.

18இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று நினைத்து வைக்காதீர்கள். 2020 ஜனவரி முதல் புதிய ஏசிகள் தானாகவே 24இல் தொடங்கும்படி விதி செய்திருக்கிறார்கள். 26இல் வைத்து விசிறியையும் மெல்ல ஓடவிட்டால் வயதானவர்களுக்கு அதுவே சுகம். ஒவ்வொரு டிகிரி கூட்டுவதற்கும் ஏறத்தாழ ஆறு விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்பது அரசு சொல்லும் கணக்கு.

மின்விசிறியை யாரும் சொல்லவில்லையே. பழைய விசிறி 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி என்ற மின்சாரம் மிச்சப்படுத்தும் மோட்டார் வைத்த விசிறி 30 வாட்டுக்குள் முடித்துவிடும். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடும் மூன்று விசிறிகளை மாற்றினால் இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 120 யூனிட் குறையும். 2024 மே மாதக் கட்டணப்படி உங்கள் 690 யூனிட் 570 ஆனாலே ஆயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். அதே கட்டணத்தில் 500ஐத் தாண்டாமல் நின்றால் 1,725 ரூபாய்தான். 510 ஆனால் 2,030 ரூபாய்; அந்தப் பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய். காரணம், 500ஐத் தாண்டியதும் இரண்டாவது நூறு யூனிட்டுக்குக் கிடைக்கும் இரண்டேகால் ரூபாய் விலை போய் அதுவும் நாலரை ரூபாய் ஆகிவிடும். கணக்கெடுப்பு நாளுக்குப் பத்து நாள் முன்பே மீட்டரைப் பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

நீர்வாட்டம் (2024 மே 9)

மெக்கானிக் தம்பி சொன்ன விசிறிக் கணக்கு சரியானது. அந்தப் பணத்தை முதலில் ஒதுக்குங்கள். ஜன்னல் விஷயத்திலும் ஒரு வார்த்தை: காலை ஒன்பது மணிக்குள் ஜன்னல்களைச் சாத்தித் திரையிட்டுவிட்டு, வெளிக்காற்று உட்காற்றைவிடக் குளிர்ந்த பிறகே திறக்க வேண்டும். பலர் பகலெல்லாம் அனலை உள்ளே விட்டுவிட்டு, ஆறு மணிக்குக் கொசுவுக்குப் பயந்து சாத்திவிடுகிறார்கள். வலை அடித்துக்கொண்டு இரவில் திறவுங்கள். மாடிப்படி அறையின் கதவையும் கம்பிவலைக் கதவாக்கித் திறந்து வைத்தால் சூடான காற்று புகைபோக்கியில் ஏறுவதைப் போல அந்த வழியே மேலேறி வெளியேறும். மேற்குச் சுவருக்குச் சன்ஷேடு உதவாது. சாயும் வெயில் அதன் அடியில் புகுந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டியைத் தொங்கவிடுங்கள். உள்ளே எவ்வளவு கனமான திரை போட்டாலும், கண்ணாடியைத் தாண்டி வந்த சூடு வந்ததுதான்.

உறையூர் வாசி (2024 ஜூன் 2)

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. செய்ததைச் சொல்கிறேன். மே 12, 13 தேதிகளில் மாடியைச் சுரண்டிக் கழுவி இரண்டு முறை வெள்ளைப் பூச்சு அடித்தோம். ஆளுக்கும் பூச்சுக்கும் சேர்த்துப் பதினான்காயிரம் ஆனது. மூன்று பிஎல்டிசி விசிறிகளுக்கு ஒன்பதாயிரத்து முந்நூறு. ஊதுபத்தியைக் கொண்டுபோனபோது அம்மாவின் அறையில் ஏசிக் குழாய் சுவரைத் துளைத்து வெளியேறும் இடத்தில் இரண்டு விரல் நுழையும் ஓட்டை இருந்தது தெரிந்தது. புகை அதற்குள் நூலைப் போல இழுபட்டது. அதை அடைத்துவிட்டோம்.

கத்திரி முடிவதற்கு முந்தைய வாரம், முன்பு அளந்த அதே பத்தரை மணிக்கு அளந்தேன்: கூரை 34.5, அறைக்காற்று 32. இடையே ஒரு நாள் மழை பெய்ததால் அத்தனையும் வெள்ளைப் பூச்சின் பலன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மழை பெய்யாத நாள்களிலும் கூரை 36ஐத் தாண்டவில்லை. ஏசி இப்போது பதினொன்றரைக்கே அறையைக் குளிர்வித்து அடங்கிவிடுகிறது. 26இல் வைத்தால் தனக்குக் குளிர்கிறது என்று அம்மா 27 கேட்கிறார்.

ஒரு சிக்கலும் வந்திருக்கிறது. எதிர்வீட்டு இரண்டாம் மாடியில் இருப்பவர், காலை பத்து மணிக்கு எங்கள் மாடியின் வெளிச்சம் அவர் கூடத்துக்குள் கண் கூசும்படி அடிக்கிறது என்கிறார். எக்ஸ்பிஎஸ் பலகையும் ஓடும் தை மாதம் போடுவதாகத் தீர்மானித்திருக்கிறேன்; அப்போது வெள்ளைக்குப் பதில் இளம் மஞ்சள் அல்லது வெளிர் சாம்பல் ஓடு ஒட்டினால் பலன் எவ்வளவு குறையும், ஐயா?

நீர்வாட்டம் (2024 ஜூன் 2)

பலகை அடியில் இருந்தால் ஓட்டின் நிறம் அவ்வளவு முக்கியமில்லை, தம்பி. வேலையின் பெரும்பகுதியைப் பலகையே பார்த்துக்கொள்ளும். இளம் மஞ்சளே ஒட்டுங்கள், ஆனால் பளபளப்பில்லாத சொரசொரப்பு ஓடாகப் பாருங்கள். கூச்சமும் இருக்காது, மழையில் காலும் வழுக்காது. அதுவரை எதிர்வீட்டுக்காரருக்காக அந்தப் பக்கக் கைப்பிடிச்சுவரை ஒட்டி நான்கு தொட்டிச் செடிகளை வையுங்கள். தொட்டிகளைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், வெறும் தளத்தின் மேல் வைக்காதீர்கள்.