மேசையைத் தாழ்த்தணுமா, ஆளைத் தூக்கணுமா?

வெள்ளைக்கோட்டு: சக்கர நாற்காலியில் வர்ற பெண்களுக்காக மகப்பேறு மருத்துவர்கள் எல்லாரும் 17 அங்குல உயரத்துக்கு இறங்குற பரிசோதனை மேசை வாங்கணும்னு இங்கே ஒருத்தர் எழுதியிருக்கார். ரெண்டு பேர் பிடிச்சுத் தூக்கி வெச்சா முடிஞ்சுது.

சக்கரக்காரி: எழுதினது நான்தான், நேராவே பேசுங்க. தூக்குறப்போ ஒருத்தர் அக்குளைப் பிடிப்பார், இன்னொருத்தர் முழங்காலைப் பிடிப்பார். என் காலுக்கு உணர்ச்சி கிடையாது. மேசை விளிம்புல உரசித் தோல் கிழிஞ்சதே வீட்டுக்கு வந்து துணி மாத்தும்போதுதான் தெரிஞ்சுது. மேசை தாழ்வா இருந்தா நானே நகர்ந்து ஏறிடுவேன்.

கணக்குப்புலி: மருத்துவ மேசை எவ்வளவு தாழணும்னு அமெரிக்கா போட்ட 2017 தரநிலை 17 முதல் 19 அங்குலம்னுதான் சொல்லுச்சு. வெறும் 17 இல்லை. திருத்துங்க.

சக்கரக்காரி: 2024-ல அதை 17-னே முடிவு பண்ணியாச்சு. நீங்க திருத்துங்க.

வெள்ளைக்கோட்டு: அங்குலம் கிடக்கட்டும். தூக்கினா என்ன குறைஞ்சுபோச்சு?

பொதுப்பார்வை: கல்யாணமாகாதவங்களுக்கு, அதுவும் இந்த நிலைமையில, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை எதுக்குன்னே புரியலை.

சக்கரக்காரி: ஊனம் இருந்தா உறவு இருக்காதுன்னு யார் சொன்னா? அந்தப் புற்றுநோயை உண்டாக்குற எச்.பி.வி. வைரஸ் சக்கரத்தைப் பார்த்து ஒதுங்கிப் போகுமா? எச்.பி.வி. சோதனைக்குப் பெண்கள் தாங்களே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் 2021-லயே சொல்லிடுச்சு, மேசை ஏற முடியாதவங்களுக்கும் அது உதவும். காலைத் தூக்கிக் கட்டாம ஒருக்களிச்சுப் படுக்க வெச்சும் பார்க்கலாம். கேட்டாத்தானே! டாக்டர் என்கிட்ட பேசாம, கூட வந்த அக்காகிட்ட "இவங்களுக்கு மாதவிடாய் வருதா"ன்னு கேட்டார்.

வெள்ளைக்கோட்டு: பாதுகாப்புக்குத்தான் ஆளைப் பிடிக்கிறோம். சாய்தளம் பத்தின முந்தின விவாதத்துலயும் நீங்க இப்படித்தான் மருத்துவர்களைத் திட்டினீங்க.

சக்கரக்காரி: அங்கே பாதியில ஓடினது நீங்க. பாதுகாப்பு பேசுறீங்களே, மார்பு முதுகெலும்பு ஆறாவது எலும்பிலோ அதுக்கு மேலேயோ தண்டுவடம் அடிபட்டவங்களுக்கு ஸ்பெகுலம், அதாவது யோனியை விரிச்சுப் பார்க்கிற கருவி, வெச்சாலே ரத்த அழுத்தம் எகிறலாம். தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும், முகம் வேர்க்கும். உடனே கருவியை எடுத்துட்டு நிமிர்த்தி உட்கார வைக்கணும். உங்க ரெண்டு தூக்குற ஆளுக்கு இது தெரியுமா?

வெள்ளைக்கோட்டு: எனக்குத் தெரியும். அது போதும்.

கணக்குப்புலி: 2024 தரநிலை எல்லா மருத்துவமனையையும் கட்டுப்படுத்துமா? அதைச் சொல்லலையே.

சக்கரக்காரி: உயரத்துல தோத்துட்டு இப்போ அதுக்குத் தாவிட்டீங்க. வெள்ளைக்கோட்டு, உங்க மேசை எவ்வளவு உயரம்? அதை முதல்ல சொல்லுங்க.

வெள்ளைக்கோட்டு: தூக்கித்தான் வைப்போம். இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

சக்கரக்காரி: குறை சொல்லத்தான் வந்திருக்கேன். உயரத்தைச் சொல்லுங்க.