புதுப்பிப்பு: கெப்சூல் கோப்பி மெஷின், பம்ப் சத்தம் மட்டும் கேட்டது – சரியாகிவிட்டது

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. நுவரெலியாவில் உள்ள மெஷின். பம்ப் அதிருகிறது, கப்பில் நாலைந்து சொட்டுத்தான் விழுகிறது என்று கேட்டிருந்தேன்.

பலித்தது, "பம்புக்குள் காற்று அடைத்திருக்கும்" என்ற யோசனை. தண்ணீர்த் தாங்கி வற்றிய பிறகும் பட்டனை அழுத்தியதில் காற்றை இழுத்திருக்கிறது. இந்தச் சின்னப் பம்ப் தண்ணீரை நன்றாகத் தள்ளும், காற்றைத் தள்ளாது. பிளக்கைக் கழற்றி, தாங்கியை எடுத்து, அது உட்காரும் இடத்து வால்வுத் துளையில் ஊசியில்லாத சிரிஞ்சால் 10 மி.லீ. தண்ணீரை மெதுவாக ஏற்றினேன். பிறகு தாங்கியை நிரப்பி, கெப்சூல் போடாமல் பெரிய கப் பட்டன். மூன்றாம் தடவை 'கர்ர்' சத்தம் தணிந்து, நூல் பிடித்தாற்போல் தண்ணீர் வந்தது.

எதிர்பாராத விஷயம்: கெப்சூல் போட்டால் இன்னும் மெதுவாகவே வந்தது. உள்ளே அழுத்தம் ஏறி, அலுமினியத் தாள் உப்பி, முள்ளுத் தட்டில் அமுங்கிக் கிழிந்தால்தான் கோப்பி இறங்கும். அந்தத் தட்டின் துளைகளில் கோப்பி எண்ணெய் கறுப்பாய், பிசின்போலப் படிந்திருந்தது. சுடுதண்ணீரும் பழைய பல் பிரஷும் போதும். 40 மி.லீ. இப்போது 25 செக்கனில் நிறைகிறது.

சுண்ணாம்புப் படிவு நீக்கச் சொன்னவர்களுக்கு: சிட்ரிக் அசிட் ஓட்டியும் மாற்றமில்லை. இங்கே மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர்தான், கேத்தலில்கூட வெள்ளை படிவதில்லை. இந்த மலையூரின் உயரமும் காரணமில்லை, திறந்த கேத்தலில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்தாலும், மெஷினுக்குள் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் அந்தச் சூட்டில் கொதிக்காது.