சிங்கப்பூர் தரவு மையத்திலிருந்து மும்பைக்கு: பதினான்கு டெவலப்பர் சர்வர்களை மாற்றுவது எப்படி?

கேள்வி (அஸ்தம்பட்டி, சேலம்)

அனைவருக்கும் வணக்கம். சேலத்தைச் சுற்றியுள்ள ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கணக்கு, இருப்பு மென்பொருள் எழுதித் தரும் சிறு நிறுவனம் ஒன்றில் சர்வர்களைக் கவனிக்கும் பொறுப்பு என்னுடையது. எங்கள் புரோகிராமர்கள் பதினான்கு பேருக்கும் அமேசான் கிளவுடின் சிங்கப்பூர் ரீஜனில் (தரவு மையத் தொகுதியில்) ஆளுக்கொரு லினக்ஸ் சர்வர் இருக்கிறது. அலுவலக லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக அதற்குள் நுழைந்துதான் நாள் முழுவதும் வேலை செய்கிறார்கள். லேப்டாப்பில் ஒரு வரி நிரல்கூடக் கிடையாது.

ஆலைகளின் கணக்கு இந்தியாவிலேயே இருக்க வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்கியிருப்பதாலும், தட்டச்சு செய்த எழுத்து திரையில் சற்றுப் பிந்தி வருவதாகப் பலரும் குறைப்படுவதாலும், எல்லாவற்றையும் மும்பைக்கு மாற்ற முடிவு செய்திருக்கிறோம். எல்லா டிஸ்க்குகளும் சேர்ந்து ஏறக்குறைய 1 டெராபைட் வரும். ஒரு சனி, ஞாயிறுக்குள் இதை முடித்துவிட முடியுமா? மும்பைக்குப் பதிலாக ஐதராபாத்தைத் தேர்ந்தெடுக்கலாமா? இதற்கு முன் இந்த வேலையைச் செய்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1 (ஐந்து ரோடு, சேலம்)

வணக்கம். தரவை நகர்த்துவது இரண்டு நாளில் முடிந்துவிடும். அதற்கு முந்தைய தயாரிப்புக்குத்தான் மூன்று வாரம் ஒதுக்க வேண்டும்.

டிஸ்க்குகளை அலுவலகத்துக்கு இறக்கி மீண்டும் ஏற்ற நினைக்காதீர்கள். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் 1 டெராபைட்டை இறக்குவதற்கு மட்டுமே 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்த நேரத்து நகல்) எடுத்து, அதை ஒரு ரீஜனிலிருந்து மற்றொன்றுக்கு நேரடியாக நகலெடுங்கள். அது அவர்களுடைய நெட்வொர்க்கிலேயே செல்லும், அதற்குரிய கட்டணம் மட்டும் பில்லில் வரும். டிஸ்க் என்கிரிப்ட் (மறையாக்கம்) செய்யப்பட்டிருந்தால், நகலெடுக்கும்போது மும்பையில் உள்ள கீயைக் குறிப்பிட வேண்டும். எந்த இணைப்பை உள்ளே விடலாம் என்று வரையறுக்கும் செக்யூரிட்டி குரூப்புகளும் தானாக உடன் வருவதில்லை. அவற்றை அங்கே புதிதாக உருவாக்க வேண்டும்.

அமேசானின் மும்பை ரீஜன் 2016-இலும் ஐதராபாத் ரீஜன் 2022-இலும் தொடங்கப்பட்டன. கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லிசெகண்டில் ஏறக்குறைய 200 கி.மீ. செல்கிறது. நேர்கோட்டில் சேலத்திலிருந்து சிங்கப்பூர் சுமார் 3,000 கி.மீ., மும்பை சுமார் 1,000 கி.மீ., ஐதராபாத் 650 கி.மீ.க்குள். ஆகவே போய்வர முறையே 30, 10, 6 மில்லிசெகண்டுக்குக் குறைய வழியே இல்லை. கேபிள் நேர்கோட்டில் செல்வதில்லை என்பதால் உண்மையில் இன்னும் கூடும்; அது எவ்வளவு என்பதை உங்கள் அலுவலகத்திலிருந்தே இரண்டு ரீஜன்களுக்கும் சில நாள்கள் அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. முன்பு நான் பணியாற்றிய இடத்தில் பழைய சர்வர்களை நகலெடுக்காமல், புதியவற்றை நிறுவி, நிரல்களின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டிலிருந்து நிரல்களை இறக்கிக்கொண்டோம். “எல்லோரும் புஷ் செய்துவிட்டீர்களா?” என்று, அதாவது தங்கள் வேலையைப் பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பிவிட்டார்களா என்று, கேட்டதற்கு எல்லோரும் ஆம் என்றார்கள், அது உண்மையும்கூட. மூன்றாம் நாள் பழைய சர்வர்களை அழித்தேன். மறுநாள் காலை, பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிய சகப் பணியாளர் கமிட் செய்யாமல் (பதியாமல்) கிட்டில் ஒதுக்கிவைத்திருந்த மாற்றங்களான தம் ஸ்டாஷைத் தேடினார். விடுப்பில் செல்வதற்கு முன் மூன்று வாரம் உழைத்த ஜிஎஸ்டி பகுதி முழுவதும் அதில்தான் இருந்தது. கிட் புஷ் ஸ்டாஷை எடுத்துச் செல்லாது. அந்தப் பகுதியை அவர் முதலிலிருந்து எழுத நேர்ந்தது. விடுப்பில் இருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அழித்தது என் தவறு.

ஆகவே ஒவ்வொரு சர்வரிலும் நீங்களே நுழைந்து, கமிட் ஆகாத கோப்புகள், ஸ்டாஷ், புஷ் ஆகாத பிராஞ்ச் (நிரலின் தனிக் கிளை), கிட் புறக்கணிக்கும் என்வ் கோப்பு (அமைப்புகள், கடவுச்சொற்கள் உள்ளது), கிரான் பட்டியல் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகள்) ஆகியவற்றைப் பாருங்கள்.

மறுமொழி 2 (சூரமங்கலம்)

டிஸ்க்கை அப்படியே நகலெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பல ஆண்டுகளாகச் சேர்ந்த குப்பையும் அதனுடன் வந்துவிடும். புதிய சர்வரை ஸ்கிரிப்ட் (கட்டளைக் கோப்பு) மூலம் நிறுவி, ஹோம் டைரக்டரியை (ஒவ்வொருவரின் சொந்தக் கோப்புறையை) மட்டும் ஆர்சிங்க் (மாறிய கோப்புகளை மட்டும் நகலெடுக்கும் கருவி) கொண்டு எடுத்துச் செல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்கு முன்பே ஒருமுறை ஓட்டிவிட்டால், கடைசி நாளில் மாறியவை மட்டுமே செல்லும். நோட் மாட்யூல்ஸ் கோப்புறைகளை (மீண்டும் இறக்கிக்கொள்ளக்கூடிய நிரல் தொகுப்புகளை) விலக்கிவிடுங்கள். லட்சக்கணக்கான பொடிக் கோப்புகள்தான் நேரத்தைத் தின்பவை.

எலாஸ்டிக் ஐபி (சர்வருக்கு ஒதுக்கிய நிலையான இணைய முகவரி) ரீஜன் விட்டு ரீஜன் போகாது. உங்கள் வாடிக்கையாளர் எவரேனும் ஃபயர்வாலில் சிங்கப்பூர் ஐபியை அனுமதித்திருந்தால், புதிய ஐபியை இப்போதே எழுத்து மூலம் தெரிவியுங்கள். எங்களுக்கு அந்த ஒரு அனுமதி கிடைக்கவே பத்து நாள்கள் ஆயின.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை பதினான்கு சர்வர்களிலும் பார்த்துவிட்டேன். ஒன்பதில் ஸ்டாஷ் இருந்தது. ஒன்றில், எங்கள் களஞ்சியத்தில் எங்குமே இல்லாத ஸ்கிரிப்ட் ஒன்று ஒவ்வொரு இரவும் ஆலைகளின் லாட் (சரக்குத் தொகுதி) பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தது. அதை எழுதியவர் இப்போது எங்களுடன் இல்லை.

ஸ்கிரிப்ட் மூலம் நிறுவுவது என்றே தீர்மானித்துவிட்டோம். இப்போதுள்ள லினக்ஸ் உபுண்டு 18.04, புதியது 22.04. எங்கள் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸின் பதிப்பை மாற்றவில்லை என்பதால், அதன் டேட்டா டைரக்டரியை அப்படியே நகலெடுக்கலாமா?

மறுமொழி 3 (ஏற்காடு)

அருள்கூர்ந்து அப்படிச் செய்யாதீர்கள். போஸ்ட்கிரெஸ் எந்தப் பிழையும் காட்டாமல் இயங்கத் தொடங்கிவிடும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியைப் போஸ்ட்கிரெஸ் பொதுவாக இயங்குதளத்தின் ஜிலிப்சி என்ற அடிப்படை நிரல் நூலகத்திடமிருந்து பெறுகிறது. 2018-இல் வந்த ஜிலிப்சி 2.28-இல் அந்த விதி மாறியது. உபுண்டு 18.04-இல் இருப்பது 2.27, 22.04-இல் இருப்பது 2.35. இரண்டு சர்வர்களிலும் அமெரிக்க ஆங்கில லொகேலில் (மொழி அமைப்பில்) “1-1”, “11” என்ற இரண்டு வரிகளை சார்ட் (வரிசைப்படுத்தும்) கட்டளைக்குக் கொடுத்துப் பாருங்கள். பழையதில் 11 முதலில் வரும். புதியதில் 1-1 முதலில் வரும். உங்கள் லாட் எண்களில் இடைக்கோடு இருக்கும் என்று நினைக்கிறேன். பழைய வரிசையில் கட்டிய இண்டெக்ஸில் (தேடலை விரைவாக்கும் அட்டவணையில்) புதிய வரிசைப்படி தேடினால், டேபிளில் உள்ள லாட்டே இல்லை என்று பதில் வரும். ஒரே எண் இரண்டு முறை பதிவாகவும் கூடும்.

எனவே பிஜி டம்ப் (தரவுத்தளத்தின் ஏற்றுமதிக் கோப்பு) எடுத்து, புதிய சர்வரில் மீட்டெடுங்கள். அப்போது இண்டெக்ஸ்கள் அங்கேயே புதிதாகக் கட்டப்படும்.

புதிய சர்வர்களின் எஸ்எஸ்ஹெச் கைரேகைகளை (சர்வரை அடையாளம் காட்டும் எழுத்துத் தொடர்களை) வெள்ளிக்கிழமையே அனைவருக்கும் அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் திங்கட்கிழமை, சர்வரின் அடையாளம் மாறிவிட்டது என்ற எச்சரிக்கையைக் கண்டவுடன் சரிபார்க்காமலேயே லேப்டாப்பில் உள்ள பழைய அடையாள வரியை அழித்துவிடுவார்கள். இணைப்பு அறுந்தாலும் சர்வரில் வேலையைத் தொடர வைக்கும் டீமக்ஸையும் ஸ்கிரிப்டில் சேருங்கள். மழைக்காலத்தில் மலை மேல் இணைப்பு அடிக்கடி அறுபடும் என்பதால், அது இல்லாமல் நான் ஒரு நாளும் வேலை செய்ததில்லை. அடிவாரத்திலும் அது பயன்படும்.

சிங்கப்பூர் சர்வர்களை நிறுத்தி மட்டும் வையுங்கள், அழிக்காதீர்கள். நிறுத்திய சர்வருக்கு டிஸ்க் வாடகையும், எலாஸ்டிக் ஐபியை விடாமல் வைத்திருந்தால் அதற்கான கட்டணமும்தான் வரும். ஒரு மாதக் கடைசிக் கணக்கு மும்பையில் ஓடி முடிந்த பிறகு, விடுப்பில் உள்ளவர்கள் உட்படப் பதினான்கு பேரிடமும் தனித்தனியே கேட்டுவிட்டு அழியுங்கள்.