‘செங்குத்துத் திறந்தவெளி’க்குப் பதில் ‘அடுக்குமுற்றம்’?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

உயரமான கட்டடங்களில் மாடிகளுக்கு நடுவே விடும் பொதுவெளிக்கு ‘செங்குத்துத் திறந்தவெளி’ என்று அண்மையில் நம் குழுவில் ஒரு சொல் வந்தது. எனக்கு மனம் ஒப்பவில்லை. செங்குத்து என்றதும் பாறைதான் கண்முன் நிற்கிறது. இங்கே ஒவ்வொரு தளமும் மட்டமானது. தரையில் இடம் போதாமல் மரநிழல், நடைபாதை, விளையாடுமிடம் ஆகியவற்றைப் பல மாடிகளுக்குப் பிரித்து ஏற்றுகிறார்கள், அவ்வளவுதான். மேம்பாலத் தூணில் தொட்டி மாட்டிச் செடி வளர்ப்பது வேறு. அதற்குச் ‘சுவர்த்தோட்டம்’ போதும்.

என் பரிந்துரை அடுக்குமுற்றம். ‘அடுக்குமாடி’ நமக்குப் பழகிய சொல். அதைத் தெரிந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

“முற்றம் என்றால் வானம் தெரிய வேண்டாமா?” என்று, நான் இந்தச் சொல்லைச் சொன்னபோது, குழுவில் ஓர் அக்கா கேட்டிருந்தார்கள். நல்ல கேள்வி. இரண்டு நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் குடியிருப்பின் நான்காம் மாடியில், லிஃப்டுக்கு எதிரே பத்தடிக்கு எட்டடி இடம் இருக்கிறது. காலையில் அங்கே கோலம். பள்ளி விட்டதும் கரியால் சுவரில் மூன்று ஸ்டம்ப். பொழுது சாய்ந்தால் இரண்டு பாட்டிகள் கிழக்கு ஜன்னலைத் திறந்துவிட்டு, கடற்காற்றில் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார்கள். துளி வானம் தெரியாது. ஆனாலும் முற்றத்தில் நடப்பதெல்லாம் அங்கே நடக்கிறது. பெயரை அந்தப் புழக்கத்திலிருந்து எடுக்கலாம் என்பதே என் கட்சி.

வானம் தெரியும் உச்சித் தளத்துக்கு நம்மிடம் தனிச்சொல்லே உண்டு. சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் கோவலனும் நெடுநிலை மாடத்தின் ‘இடைநிலத்தில்’, அதாவது நடுத் தளத்தில், இருக்கும்போது சாளரம் வழியே தென்றல் நுழைகிறது. உடனே ‘அரமியம்’ ஏறுகிறார்கள். அரமியம் என்றால் நிலாமுற்றம். இந்த இரண்டையும் இன்றைய கட்டடத்தில் பொருத்திப் பாருங்கள். சிங்கப்பூரில் டக்ஸ்டன் பின்னக்கிள் என்ற அரசுக் குடியிருப்பு 2009-இல் முடிந்தது. அதன் ஏழு கோபுரங்களை 26-ஆம் மாடியிலும் 50-ஆம் மாடியிலும் தோட்டப் பாலங்கள் இணைக்கின்றன. 26-இல் இருப்பது அடுக்குமுற்றம், 50-இல் இருப்பது அரமியம். ‘இடைநிலம்’ என்றே வைக்கலாம்தான். ஆனால் இன்று படிப்பவர் அதை ஏதோ காலிமனை என்று நினைத்துவிடுவார்.

இதில் நான் பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. 2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 26,000 பேருக்கு மேல். பெரிய மனைகளில் பத்து விழுக்காட்டை ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலமாக விட வேண்டும் என்ற விதி தரையைப் பற்றியது. மாடியிலும் பொதுவெளி கேட்க வேண்டுமானால், கேட்பதற்கு ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயர் குடியிருப்போர் கூட்டத்தில் தடங்கலில்லாமல் வாயில் வர வேண்டும்.

சரி, சொல்லிப் பாருங்கள்: “எட்டாம் மாடி அடுக்குமுற்றத்துல விளையாடிட்டு இருக்கான், கூப்பிடு.” எனக்கு உறுத்தவில்லை. சட்ட வரைவு மொழிபெயர்ப்பவர்கள் ஒரு விதிவாசகத்திலும் இதைப் போட்டுப் பார்த்து எழுதுங்களேன்.