புது ஹாம்ஸ்டர் கை கிட்ட போனாலே கத்துது, கடிக்குது, யாராவது சொல்லுங்களேன்

கடுகோட அம்மா:
வணக்கம். ஹாம்ஸ்டர் (எலி மாதிரி குட்டியா வீட்ல வளக்கறது) வீட்டுக்கு வந்து இன்னியோட ஒம்பது நாள். பொண்ணு பிறந்தநாளுக்கு வாங்குனது, சிரியன் வகைன்னு சொல்லி குடுத்தாங்க, பேரு கடுகு. கைய உள்ள விட்டாலே மல்லாக்க விழுந்து கீச்சுகீச்சுனு கத்துது, நேத்து பொண்ணு விரல்ல ரத்தம் வர்ற அளவுக்கு கடிச்சிருச்சு. பகல் முழுக்க பஞ்சுக்குள்ள சுருண்டு கிடக்கு, இவ நாலு மணிக்கு ஸ்கூல்லேர்ந்து வந்ததும் எழுப்பி எழுப்பி விளையாட பாக்குறா, ராத்திரியான்னா கம்பிய கடிச்சு கடிச்சு எங்கள தூங்க விடல. தனியா இருக்கறதால பயமா இருக்கும், இன்னொண்ணு வாங்கிரலாம்ங்கறார் வீட்டுக்காரர். வாங்கலாமா?

நடுராத்திரி சக்கரம்:
அக்கா வாங்கிறாதீங்க!! சிரியன் தனிக்கட்டை, வளந்த ரெண்ட ஒரே கூண்டுல விட்டா ஒண்ண ஒண்ணு கடிச்சு கொன்னே போட்டுரும். ஆணும் பொண்ணுமா அமைஞ்சா இன்னும் மோசம், 16 நாள்ல குட்டி. கூண்டு எங்க இருக்கு, உள்ள என்ன போட்டிருக்கீங்க?

கடுகோட அம்மா:
ஐயோ சரி. பூனை வரும்னு வாஷிங் மெஷின் மேல வெச்சிருக்கேன். ஒன்றரை அடி கம்பி கூண்டு, ரெண்டு விரக்கடை மரத்தூள், கடையில குடுத்த பஞ்சு. நாத்தம் வரக்கூடாதுன்னு தினமும் பினாயில் போட்டு கழுவிருவேன்.

மொட்டமாடி மாமா:
வாஷிங் மெஷின் மேலயாம்மா!! அது துணி பிழியறப்ப ஆடுற ஆட்டத்துல நமக்கே தூக்கம் வராது, நம்ம காதுக்கு எட்டாத சத்தமெல்லாம் கேக்குற ஜீவன் அது, எப்படிம்மா தூங்கும். முதல்ல அத எறக்கி ஒரு ரூம் மூலையில, டிவி இல்லாத பக்கமா, உறுதியான மேஜை மேல வைங்க, பூனைக்கு கதவ சாத்துங்க.

அப்புறம் அந்த பினாயில். அதுக்கு கண்ணு மங்கல், எல்லாம் மோப்பம்தான், நீங்க தினமும் கழுவறது அதோட வீட்டு விலாசத்தையே அழிச்சுட்டு புது ஊர்ல விடற மாதிரி. மூத்திரம் போற மூலைய மட்டும் அள்ளுங்க, தூள் மாத்தறப்பவும் பழசு பாதிய உள்ளயே விடுங்க. ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவத்தி புகை அந்த ரூமுக்கே வேணாம்.

பஞ்ச இன்னிக்கே எடுத்துருங்க, நூல் கால்ல சுத்திக்கும், தின்னா குடல் அடைக்கும். வாசனை இல்லாத டிஷ்யூவ கிழிச்சு போடுங்க போதும். சிரியாவுல அலெப்போ பக்கத்து வயக்காட்டுல அரை மீட்டருக்கும் கீழ வளை தோண்டற இனம்மா அது, ரெண்டு விரக்கடையில எங்க போய் ஒளியும்? ஒரு சாண் ஆழத்துக்காவது போடணும். கம்பி கடிக்கறதும் பாதி அதனாலதான், மீதி இடம் பத்தாம. மூணு அடி பிளாஸ்டிக் பெட்டி வாங்கி மூடியில பெருசா வெட்டி கம்பிவலை அடிச்சுக்கங்க, அது ஓடறதுக்கு 28 சென்டிமீட்டர் சக்கரம் ஒண்ணு, உள்ள சின்ன மண்சட்டிய கவுத்து வாசல் விடுங்க, மே மாச வெயிலுக்கு அதுக்குள்ளதான் போய் படுக்கும்.

நாலு நாளைக்கு கையே விடாதீங்க.

நடுராத்திரி சக்கரம்:
மாமா சொன்னதோட, பகல்ல எழுப்பவே கூடாது, எட்டு மணிக்கு மேல அதுவா எந்திரிக்கும். மேலேர்ந்து கை வந்தா பருந்துன்னு நினைச்சுக்கும், பக்கவாட்டுல உள்ளங்கைய விரிச்சு வெச்சு ஒரு சூரியகாந்தி விதை. பாப்பா கைய கழுவிட்டு வரட்டும், சாப்பாட்டு வாசனைக்கும் கடிக்கும். தூக்கறதுன்னா டம்ளர சாய்ச்சு அதுவா ஏறட்டும், தரையில உக்காந்துதான், விழுந்தா எலும்பு போயிரும். அந்த கடிய சோப்பு போட்டு ஓடுற தண்ணில கழுவி டாக்டர்ட்ட காட்டிருங்க. வால் பக்கம் ஈரமா வயித்தால போனா அன்னிக்கே கால்நடை டாக்டர பாக்கணும், நாளைக்குன்னு தள்ளாதீங்க.

கடுகோட அம்மா:
பன்னெண்டு நாள் கழிச்சு வரேன். பெட்டி தயார், தூள் மட்டுமே ரெண்டு மூட்டை ஆச்சு, வீட்டுக்காரர் மொறைக்கறார். கடுகு அந்த மண்சட்டிக்கு பின்னாடி குழி தோண்டி இருக்கா இல்லையான்னே தெரியாம போயிருச்சு, முதல் ரெண்டு நாள் செத்துருச்சோன்னு பயந்தேன். கம்பி சத்தம் இல்ல. நேத்து ராத்திரி பொண்ணு கைலேர்ந்து விதைய பிடுங்கி கன்னத்துல அடக்கிட்டு ஒரே ஓட்டம், இவ கத்தாம வாய பொத்திக்கிட்டா. தூக்கல்லாம் இன்னும் விடல. இப்ப சக்கரம்தான் ராத்திரி பூரா கிரீச் கிரீச்னு கேக்குது, என்ன பண்ண?

மொட்டமாடி மாமா:
அச்சுல ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விடுங்கம்மா. ஒரே சொட்டு, மெஷின் எண்ணெய் வேணாம், நக்கிரும்.